மைதீன்கள் எல்லாரும் ஒரே ஆள் இல்லை

மும்பை சயானில் டிக்கெட் போடும் வேலை எனக்கு. பக்கத்திலேயே தாராவி என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். அமெரிக்கா டிக்கெட்டுக்குப் பிறந்த தேதி கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். "பேரு போதாதாம்மா?" என்பார்கள். போதாது பாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாராவியில் தோல் பை செய்து விற்கும் ஒரு பெரியவர் வருவார். பெயர் மைதீன் என்று முடியும். மகள் நியூ ஜெர்சியில். அவருக்கு மட்டும் வெப் செக்-இன் ஆகவே ஆகாது. எல்லாம் சரியாகப் போய், கடைசித் திரையில் 'கவுண்டருக்கு வரவும்' என்று நின்றுவிடும். கவுண்டரில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு யாருக்கோ போன் போடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்க, இவர் ஓரமாக நிற்க வேண்டும். ஒருவழியாகக் கைக்கு வரும் போர்டிங் பாஸில் எஸ்எஸ்எஸ்எஸ் என்று நாலு எழுத்து இருக்கும். கேட்டில் தனியே கூப்பிட்டுப் பையைப் பிரித்து, உள்ளங்கையைத் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர், எல்லார் முன்னாலும் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

காரணம் பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம்தான். முன்பெல்லாம் பயங்கரவாதச் சந்தேகத்தில் உள்ளவர்கள் என்று அமெரிக்க அரசு கொடுத்த கண்காணிப்புப் பட்டியலை விமான நிறுவனங்களே பயணிகளின் பெயரோடு ஒப்பிட்டன. செனட்டர் எட்வர்ட் கென்னடியையே இப்படி நிறுத்தியதாக 2004-ல் அவரே செனட் விசாரணையில் சொன்னார். எட்வர்டைச் சுருக்கி டெட் என்பார்கள்; 'டி. கென்னடி' பட்டியலில் இருந்த யாரோ ஒருவரின் புனைபெயராம். பிறகு 'செக்யூர் ஃப்ளைட்' என்ற அரசுத் திட்டம் வந்து, 2010 முடிவதற்குள் ஒப்பிடும் வேலை முழுக்க அரசின் கைக்குப் போனது. இப்போது முழுப்பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் 72 மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும். அங்கிருந்து சரி என்று பதில் வராமல் போர்டிங் பாஸ் அச்சாகாது.

சிக்கல் நம்ம பெயர்களில் கூடுகிறது. மைதீன், மொஹிதீன், மொய்தீன், முஹைதீன் என்று ஆங்கிலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு ஸ்பெல்லிங். அண்ணன் பாஸ்போர்ட்டில் ஒன்று, தம்பி பாஸ்போர்ட்டில் வேறு. ஸ்பெல்லிங் மாறினாலும் ஆளைப் பிடிக்க, ஒலியை வைத்துப் பொருத்தும் முறைகள் உண்டு. அதில் பழையது 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்களுக்கு எண் போடும். அதில் எந்த மைதீனும் எம்350தான். நம்ம மதனும் எம்350! இன்று இதைவிட நுட்பமான முறைகள் இருக்கின்றன. ஆனாலும் ஸ்பெல்லிங்கில் எவ்வளவு தளர்த்துகிறோமோ, அவ்வளவு சம்பந்தமில்லாதவர்கள் மாட்டத்தான் செய்வார்கள். பெயர் ஒத்துப்போனாலும் ஆள் வேறு என்று பிரித்துக் காட்டுவது பிறந்த தேதிதான்.

இன்னொன்று, இனிஷியல் வழக்கம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் சர்நேம் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அப்பா பெயரும் தன் பெயருமாக வாழ்கிற மனுஷனைப் பெயரே தெரியாதவராக எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பெரியவருக்கு ஒரு வழி சொன்னேன். 2007-லிருந்து அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'டி.எச்.எஸ். டிரிப்' என்ற முறையீட்டு வழி இருக்கிறது. வெளிநாட்டவரும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது, பாஸ்போர்ட் நகல் போதும். கடிதத்தில் ஒரு 'ரிட்ரெஸ் நம்பர்', அதாவது குறைதீர்ப்பு எண், தருவார்கள். பட்டியலில் பெயர் இருந்ததா என்பதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இருக்காது. யாரோடு குழப்பினார்கள் என்று சொல்லாமலேயே, நான் அவனில்லை என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் விண்ணப்பியுங்கள், பலருக்கு உதவுகிற வழி இதுதான்.

நம்பர் வந்ததும் உங்கள் ஏஜென்ட்டிடம் கொடுங்கள். டிக்கெட்டில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது, பெயரோடு சேர்த்து அடிக்கக் கூடாது. பெயர், பிறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பயணத் தேதி மாற்றிப் புது பி.என்.ஆர். போட்டால் நம்பர் தானாக வரும் என்று நம்பாதீர்கள், திரும்பப் போடச் சொல்லிக் கேளுங்கள்.