காராமணி முளைத்த ராக்கெட்

அம்மா ஈரத்துணியில் கட்டி வைத்திருந்த காராமணி இன்று காலை முளைவிட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக, லேசாக வளைந்த ஒரு முளை.

எனக்கு உடனே இஸ்ரோவின் போயம்-4 ஞாபகம்தான் வந்தது.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட், விண்வெளியில் ஒன்றோடொன்று இணைவதைச் சோதிக்கும் இரண்டு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை மேலே விட்டது. வழக்கமாக அதோடு ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் கட்டத்துக்கு வேலை முடிந்துவிடும். அப்புறம் அது விண்வெளிக் குப்பை.

அந்தக் குப்பையைத்தான் 24 கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமாக மாற்றினார்கள். அதுதான் போயம்-4. அதில் ஒரு சின்னப் பெட்டிக்குள் 8 காராமணி விதைகள்.

நான்கே நாளில் முளைத்தன. பிறகு இலையும் விட்டன! எடையே தெரியாத இடத்தில் வேருக்குக் கீழே என்று ஒரு திசை கிடையாது. ஆனாலும் முளைத்தது.

அதே மேடையில் நகர்ந்து போகும் ரோபோ கை ஒன்றும் இருந்தது. 24-இல் 10 கருவிகள் கல்லூரிகளும் புதிய தனியார் நிறுவனங்களும் செய்தவை.

மேசையில் ஓடுகிற கருவி மேலேயும் ஓடுமா என்பது அங்கே போனால்தான் தெரியும். அதற்காகத் தனியாக ஒரு ராக்கெட் பிடிக்க எந்தக் கல்லூரியால் முடியும்? இந்த இடம் இன்னும் நிறைய மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.