இரண்டு ஆண்டா, பதினான்கு மாதமா?

அடுத்த மாதம் என் மின்சார காருக்கு மூன்று வயது நிறைகிறது. கூடுதலாக இரண்டு ஆண்டு வாரண்டிக்கு 32,000 ரூபாய் என்று ஷோரூமிலிருந்து நாள் தவறாமல் அழைக்கிறார்கள். பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாகும் என்று பயமுறுத்துகிறார் அந்தத் தம்பி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான் ஏற்கெனவே 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறதே!

என் கவலை வேறு: வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், 12 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் கன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரசர். பல மின்சார கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே கம்ப்ரசர்தான். அதனால் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன், பொடி எழுத்தைப் படிக்கும்வரை.

இந்தக் கூடுதல் வாரண்டிக்கு, வண்டி முதல் நாளிலிருந்து ஓடிய தூரத்தின் மொத்த வரம்பு 1,00,000 கி.மீ. கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தினமும் போய்வர 80 கி.மீ.; மாதம் 2,000. இப்போதே 72,000 ஓடிவிட்டது. மிச்சம் 28,000. ஆக, இரண்டு ஆண்டு என்பது எனக்குப் பதினான்கு மாதம்!

1,25,000 வரை என்று எழுதித் தந்தால் அன்றே பணம் கட்டுகிறேன் என்றேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தார். மூன்று நாளாக அழைப்பே இல்லை.