வளவு

1990இல் இலங்கையின் மன்னார் தீவிலுள்ள பேசாலையிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. மண்டபம் அகதி முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் திருவாதவூர் முகாம். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று யாரோ சொல்ல, "தமிழ் படிக்கிற பிள்ளைக்கு நல்ல இடம்தான்" என்றார் அம்மா.

நாடு வேறு என்றாலும் மொழி ஒன்றுதானே என்ற தைரியத்தில் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்துப் பையனிடம் "உன்னோட கதைக்கோணும்" என்றேன். "என்ன கதைடா, சொல்லு" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கதை கேட்கத்தான் உட்கார்ந்தான். ஆனாலும் அன்றிலிருந்து வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். தேத்தண்ணி டீ ஆனது, சவர்க்காரம் சோப்பு ஆனது, ஒரே வருஷத்தில் 'அங்கிட்டு இங்கிட்டு' தானாக வந்தது.

பேச்சுக்கு அந்தப் பழக்கம் உதவியது, எழுத்தைத்தான் கொன்றது. பெரியவனான பிறகு பகலில் பெயிண்ட் வேலை, இரவில் நோட்டு. பேசாலையில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த வளவைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்வேன். பனையோலை வேலி, கிணற்றடி, அதற்குள் இருந்த மணலும் மரமும் எல்லாம் சேர்த்து எங்களுக்கு வளவு. மதுரையில் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக இருக்கிற வீடுகள். இங்கே யாருக்கும் புரியாதே என்று அடித்துவிட்டுத் தோட்டம் என்று எழுதுவேன். தோட்டம் இல்லை அது. கொல்லை? அதுவும் இல்லை. சங்கப்பலகை இருந்த ஊரில் உன் தமிழை எவன் ஏற்றுக்கொள்வான் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இப்படியே எத்தனையோ வருஷம் போனது, ஒரு கதையும் முடியவில்லை.

மதுரை நத்தம் சாலையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, வேலை இல்லாத நாட்களில் அங்கே போய் உட்காரத் தொடங்கினேன். ஒருநாள் அகநானூற்றைப் புரட்டும்போது ஒரு பாட்டின் கீழே புலவர் பெயராக 'மதுரை ஈழத்துப் பூதன்தேவனார்' என்று இருந்தது. மதுரையும் ஈழமும் ஒரே பெயரில். அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை மூன்றிலுமாக அவர் பெயரில் ஏழு பாட்டுகள் இருக்கின்றன. அவர் எப்போது வந்தார், எந்தச் சொல்லை வைத்தார், எதை விட்டார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது.

அன்றிரவு அம்மாவுக்கு என் கதையை வாசித்துக் காட்டினேன். தோட்டம் வந்த இடத்தில் நிறுத்தினார். "அது எங்கட வளவெல்லே. தோட்டமெண்டு வாசிச்சா பிறத்தியாற்ற வீடு மாதிரிக் கிடக்கு."

வளவு என்றே எழுதினேன். விளக்கம் கொடுக்கவில்லை, வேலியையும் கிணற்றையும் மணலையும் இன்னும் நன்றாகக் காட்டினேன், அவ்வளவுதான். சந்தேகம் இப்போதும் வருகிறது. வந்தால் அடித்துத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன், முடித்த பிறகு அம்மாவிடம் வாசிக்கிறேன். இப்போது எழுதுகிற கதையில் பாட்டி கதைக்கிறாள், இங்கேயே பிறந்த பேத்தி பேசுகிறாள். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.