51 கேமராக்களுக்கு நடுவில் ஒரு ஆள்

டிவியில் ரீப்ளே ஒரு வீரரைச் சுற்றிச் சுழலும்போதெல்லாம் எனக்குக் கணினி விஞ்ஞானி தக்கேயோ கனாடேதான் ஞாபகத்துக்கு வருவார்.

1990களின் நடுவில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு 5 மீட்டர் அகலத்தில் ஒரு கூண்டு கட்டியது. அதைச் சுற்றி 51 கேமராக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரண விசிஆர், நம் வீட்டில் கல்யாண கேசட் ஓடியதே, அந்த ரகம்! எல்லாப் பதிவிலும் நேரக்குறி இருக்கும். ஒரே கணத்தில் எடுத்த படங்களை அப்புறம் ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணினி கணக்கிடும். அதிலிருந்து ஆளின் முப்பரிமாண உருவம் எழும். கேமராவே இல்லாத இடத்திலிருந்தும் அவரைப் பார்க்கலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

2001 ஜனவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு, சிபிஎஸ் டிவியின் ஒளிபரப்பில் மைதானத்தைச் சுற்றி அவருடைய 30க்கும் மேற்பட்ட கேமராக்கள். ஆனால் அங்கே உருவம் எதுவும் கட்டவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கேமராவின் படத்தை வரிசையாக மாற்றினார்கள், அவ்வளவுதான். பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கட்டுவதுதான் கஷ்டம். பறக்கும் முடி, விரலிடுக்கு, தொங்கும் துணி ஓரம், இங்கெல்லாம்தான் உருவம் பிசிறடிக்கும்.