ஐந்தாம் மாதச் செக்கப்பில் தெரிந்தது

செக்கப்புக்கு வந்த அந்தப் பெண்ணிடம் சிறுநீர்ப் பரிசோதனைக்கான டப்பாவைக் கொடுத்து அனுப்பினேன். கால் மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து கழிப்பறைக் கதவருகே போய் நின்றேன். உள்ளே சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. குழாய் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சூடான்காரப் பெண், என் தங்கை வயது. கணவர் ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தஞ்சாவூர் வந்தவர். நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், ஆனால் எங்கள் டாக்டர் மேடம் அவளைப் பரிசோதித்தபோது பார்த்ததை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பிறப்புறுப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரே தழும்பு. அடியில் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு துவாரம். சிறுநீர், மாதவிடாய் எல்லாம் அது வழியாகத்தான்.

விஷயம் பரவி மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் திரையை இழுத்துவிட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த முறை வந்தபோது மேடம், நான், அவள் மூவர் மட்டும் உட்கார்ந்தோம். ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கலந்து சொன்னாள். ஆறு வயதில் கையில் மருதாணி வைத்து, புதுச் சட்டை போட்டுவிட்டார்களாம். நம் ஊரில் மஞ்சள் நீராட்டுக்கு அலங்கரிப்போமே, அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் வெட்டு, தையல். காயம் ஒட்டும்வரை நாள் கணக்கில் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். இதைச் சொல்லும்போது அவள் தன் முழங்கால்களை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இதைத் தமிழில் பெண்ணுறுப்புச் சிதைப்பு என்கிறோம். உலகில் 23 கோடிக்கும் அதிகமான பெண்கள் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று 2024-இல் யுனிசெஃப் கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. இவளுக்கு நடந்தது மூன்றாவது வகை, வெட்டி மூடித் தைப்பது. எந்த வகையானாலும் உடலுக்கு ஒரு நன்மையும் கிடையாது. இரத்தப்போக்கு, கிருமித் தொற்று, பிரசவச் சிக்கல் என்று கெடுதல்தான். எங்கள் வார்டில் சிலர் இதை இஸ்லாம் மதத்தோடு முடிச்சுப் போட்டார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து வரும் சக முஸ்லிம் நர்ஸ், "எங்க வீட்டுல, எங்க ஊருல நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் கிறிஸ்தவர்களிடமும் இது உண்டு. அதற்காக இந்தியாவில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தில் நடப்பதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018-இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

மேடம் உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைப் படித்துவிட்டு வந்தார். தழும்பைக் கர்ப்ப காலத்திலேயே திறக்கலாம், வலி எடுத்த பிறகும் திறக்கலாம். கணவரையும் உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டினோம். நடு இரவில் வலி வந்து, விவரம் தெரியாத ஒருவர் டூட்டியில் இருந்தால் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். இப்போதே செய்துவிடலாம் என்றும் அவளே முடிவெடுத்தாள்.

முதுகில் ஊசி போட்டுச் செய்தோம். தழும்புக்குப் பின்னால் மெல்லிய கருவியை விட்டு, நேர்கோட்டில் மேல்நோக்கித் திறந்தார் மேடம். இரு ஓரங்களும் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தனித்தனியாகத் தையல். அதிக நேரமே ஆகவில்லை. அவள் முழு நேரமும் என் கட்டைவிரலை விடவில்லை.

சிறுநீர் டியூப் எடுத்த பிறகு முதல்முறை கழிப்பறைக்குப் போனவள் உள்ளிருந்தே கூப்பிட்டாள். "சிஸ்டர், சிஸ்டர்!" பதறி ஓடினேன். சிறுநீர் சத்தத்தோடு வேகமாக வந்ததில் பயந்துபோயிருக்கிறாள். "இது நிக்குமா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்றேன். நம்பாமல் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும்தான்.

கல்லணை திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அவள் அம்மா போனில் பழையபடி மூடித் தைத்துவிடச் சொன்னாராம். மறுபடி தைக்கக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் முன்பே எழுதி வைத்திருந்தோம். கணவரும் உறுதியாக நின்றார். சூடானிலேயே 2020 முதல் இதைச் செய்தால் மூன்று வருடம்வரை சிறை என்று மாமியாருக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லிட்டேன் சிஸ்டர். இவளுக்கு இந்த ஊசி மட்டும்தான்."