சாமி, ஷூ புதுசா?

குன்றக்குடி மலையடிவாரத்தில் என்னிடம் முதலில் பேசியது ஒரு ஆச்சி. "சாமி, ஷூ புதுசா?" ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நாலாயிரம் ரூபாய். ஆச்சி என் காலை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

காரைக்குடிப் பக்கம் பிறந்தவனுக்குத் தைப்பூசப் பாதயாத்திரை புதுசில்லை. தை பிறந்தால் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் வந்து கூடும். அவற்றுக்கு முன்னும் பின்னுமாக ஊர் ஊராக ஜனம் பழநிக்குக் கிளம்பும். சுமார் 160 கிலோமீட்டர். காவடி எடுப்பவர்கள் திரும்பியும் நடந்தே வருவார்கள். எங்கள் தெருக் கூட்டத்துக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது, திரும்ப பஸ்தான். முப்பத்தாறு வயது வரை வாசலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தவன், இந்த வருஷம்தான் வாங்கிக் குடிக்கும் பக்கம் வந்தேன்.

மாலை போட்டதும் பெயர் போய்விட்டது. எல்லாரும் சாமிதான். திருப்பத்தூர் தாண்டி ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஓரமாப் போய்த் தொலை சாமி!" என்றார்.

சிங்கம்புணரிக்குள் நுழையும்போது முதலில் வந்தது வாடைதான். கயிறு திரிக்கிற ஊர். ஊறிய தேங்காய் மட்டையும் காயப்போட்ட நாருமாக ஒரு புளித்த வாடை. அங்கேதான் ஷூவைக் கழற்றினேன். இரண்டு குதிகாலிலும் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். எங்கிருந்தோ ஆச்சி வந்து உட்கார்ந்தார். சுருக்குப் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் நறுக்கினார். "நூல் வழியா தண்ணி கசிஞ்சிடும், தோலு உரியாது. பிடுங்கிப் போட்டுராதீக." எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார். காலையில் கால் தரையில் ஊன்றியது, அதுதான் எனக்குத் தெரியும். ஷூ அன்றிலிருந்து பைக்கு வெளியே தொங்கியபடி வந்தது.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலையை நான் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் சிறுமலை பின்னால் ஓடும். நடக்கும்போது அது ஓடுவதே இல்லை. இடது கைப்பக்கம் அப்படியே நிற்கிறது. இரண்டு மணி நேரம் நடந்து நிமிர்ந்தாலும் அதே மடிப்பு, அதே பாறை. எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வெயிலுக்குப் பயந்து ராத்திரி நடை. பை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். மூன்று மணி இருக்கும், ஒருவர் தனியாகச் சுக்குக் காபி கேனோடு நின்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். "குடிச்சிட்டுப் போங்க சாமி, கேன் காலியானாத்தான் நான் தூங்கப் போக முடியும்." இரண்டு டம்ளர் குடித்தேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு சும்மா கொடுப்பதை வாங்கக் கை கூசும் எனக்கு. அந்தக் கூச்சம் அங்கே போனதுதான். அப்புறம் புளியோதரை, அவித்த கடலை, தைலம், எதையும் விடவில்லை. சாலையோரம் முழுக்கக் கிடந்த பேப்பர் கப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் என்னுடையதும் நாலைந்து இருக்கும்.

ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடிப்போன பாளையம் இதுதான். சிவகங்கைச் சீமையிலிருந்து இவ்வளவு தூரமா என்று பள்ளிப் பாடத்தில் தோன்றியதில்லை. இப்போது குதிகால் கணக்குப் போட்டது.

ஆயக்குடியில் கொய்யா வாங்கித் தின்றோம். பழநியில் கூட்டம், வரிசை, 693 படி. எத்தனை நேரம் நின்றோம் என்று நினைவில்லை. சந்நிதியில் இரண்டு விநாடி கிடைத்தது. ஆச்சியைக் கூட்டத்தில் தவறவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஐந்து நாள் நடந்த வழியைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்று நினைத்தேன். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். திண்டுக்கல்லும் தெரியாது, சிறுமலையும் தெரியாது. நார் வாடை மூக்கில் ஏறியபோதுதான் விழிப்பு வந்தது.