இடது கைப் பக்கம் கடல்

எங்கள் தொடக்கப்பள்ளி வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் பிள்ளைகள் காலையில் கேட்கிற முதல் கேள்வி, "நாளைக்கு லீவா டீச்சர்?" ஐந்தாம் வகுப்புச் சுவரில் வானிலை வரைபடத்தை முதன்முதலாக ஒட்டிய அன்று, வங்கக் கடலின் நடுவே இருந்த 'எல்' எழுத்தைப் பார்த்து ஒரு பையன், "எல்லுன்னா லீவு" என்றான். அது காற்றழுத்தத் தாழ்வு என்று திருத்தினேன். இருந்தாலும் அவன் படித்ததும் சரிதான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

முதல் வருடம் நான் சொல்லிக்கொடுத்த விதம் தப்பு. ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கிற சம அழுத்தக் கோடுகள் நெருங்கியிருந்தால் மலைச்சரிவு செங்குத்தாக இருப்பது மாதிரி என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள், பரீட்சையில் வரையறையையும் எழுதினார்கள். படத்தைக் காட்டி, காற்று எங்கே பலமாக அடிக்கும் என்று கேட்டால் மட்டும் ஒருவர் வாயும் திறக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் உப்பளமுமாக இருக்கிற ஊரில் மலைச்சரிவை யார் கண்டார்கள்?

கடைமடைப் பிள்ளைகளுக்கு மடையைத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் முட்ட நின்று வயல் காய்ந்து கிடந்தால், மடையைத் திறந்ததும் சீறிக்கொண்டு பாயும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்றால் ஊர்ந்துதான் போகும். மறு வருடம் இதைத்தான் சொன்னேன். வெளிக்கோடு 1012, அடுத்தது 1010, அடுத்தது 1008. கோட்டுக்குக் கோடு காற்றழுத்தம் 2 மில்லிபார் இறக்கம். அந்த இறக்கம் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே இருந்தால் காற்று சீறும். நான் முடிப்பதற்குள் நாலைந்து விரல்கள் படத்தில் கோடுகள் நெருங்கிய இடத்துக்குப் போய்விட்டன.

"அப்ப காத்து நேரா உள்ள பாய வேண்டியதுதானே, ஏன் சுத்துது?" என்று ஒருத்தி கேட்டாள். பூமி சுழல்வதால்தான். அதற்கு மேல் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நம் பக்கத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், இது தெரிந்தால் போதும்.

கார்த்திகையில் ஒருநாள் வாடை நேர் வடக்கிலிருந்து அடித்தது. எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். இடது கையை நீட்டி, சற்றே முன்னால் கொண்டுவரச் சொன்னேன். "தாழ்வு அந்தப் பக்கம்தான் இருக்கு." முப்பது கைகளும் தென்கிழக்கே கடலைக் காட்டின. உள்ளே வந்து அன்றைய வரைபடத்தைப் பார்த்தோம். 'எல்' நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே இருந்தது. அந்த நிமிடத்தில் அவர்கள் போட்ட சத்தத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது வீட்டில் கேட்ட கதை. மேற்கே நகர்ந்த புயலின் பாதையை வரைந்து, அவரவர் வீட்டுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். புயலின் மையமான கண்ணுக்கு வடக்கே இருக்கிற வீட்டுக்குக் கடல் காற்று, தெற்கே இருக்கிற வீட்டுக்குத் தரைக் காற்று. ஒரு சிறுமி பாதையின் மேலேயே புள்ளியை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்ததும் என்னிடம்தான் ஓடிவந்தாள். "டீச்சர், அப்பாயிட்ட கேட்டேன். முதல்ல வாடைதான் அடிச்சுச்சாம். அப்புறம் சுத்தமா நின்னுபோச்சாம். புயல் போயிருச்சுன்னு எல்லாரும் வெளிய வந்து கூரையைப் பாத்திருக்காங்க. அப்புறம் தெக்கேருந்து அடிச்சுதாம்."

நோட்டைக் காட்டினாள். வீட்டுப் புள்ளிக்கு வடக்கே ஓர் அம்பு, தெற்கே ஓர் அம்பு. நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தாள்: 'வெளியே வரக் கூடாது.'